விதை நெல்லும் உப்பு நீரும்

மரக்கால் நிறைந்துவிட்டதைக் கொண்டு விதை நல்லதென்று கொள்ளலாகாது. நன்கு முற்றிய நெல் ஒரு மரக்காலும், கருக்காய் கலந்த நெல் ஒரு மரக்காலும் பருமனில் சமமே. நிறுத்துப் பார்த்தால் பின்னது குறையும். நிறையைப் பருமனால் வகுத்துக் கிடைப்பதே அடர்த்தி எனப்படும்.

திரவத்தைவிட அடர்த்தி மிகுந்த பொருள் அதில் அமிழும், குறைந்தது மிதக்கும். தூய நீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ நிறையுடையது. அதில் பதர் மிதக்கும். அரைகுறையாய் முற்றிய மணிகளிற் பல, நல்ல மணிகளுடன் அமிழ்ந்துவிடும். இவற்றையும் பிரிக்க நீரின் அடர்த்தியை உயர்த்த வேண்டும். 10 லிட்டர் நீரில் 1½ கிலோ உப்பைக் கரைத்தால் நிறை 11½ கிலோ ஆகிறது; பருமனோ ஏறக்குறைய 10½ லிட்டரே. ஆகவே லிட்டர் ஒன்றின் நிறை சுமார் 1.09 கிலோவாக ஏறுகிறது.

உப்பில் ஈரம் இருக்கக்கூடுமாதலால், புதிய கோழி முட்டையைக் கொண்டு சோதித்தல் நலம். பழைய முட்டை தூய நீரிலேயே மிதக்குமாதலால் அது உதவாது. உப்பைச் சிறிது சிறிதாகக் கரைத்துவர, முட்டை மேலெழுந்து ஒரு காசளவு வெளியே தெரியும்போது கரைசல் பக்குவமாயிற்று என்றறிக. விதையைக் கொட்டிக் கலக்கி, மிதப்பவற்றை உடனே நீக்கி, அமிழ்ந்தவற்றை நல்ல நீரில் இரண்டு மூன்று முறை கழுவ வேண்டும். உப்பு ஒட்டியிருப்பின் முளைப்புக் கெடும்.

மிதந்த நெல்லைக் கண்டு நஷ்டமென்று வருந்த வேண்டுவதில்லை. நாற்றங்காலில் நலிந்த நாற்றாய் நின்று இடத்தையும் எருவையும் வீணாக்கக்கூடியது அதுவே. கிராம உத்தியோகஸ்தர்கள் விதைப்புக்கு முன்னரே ஊர்ப் பொதுவிடத்தில் இதனைச் செய்து காட்டுவார்களாக.