வடக்கு யன்னலும் வயல் வாடியும்

சென்ற தவணையில் எங்கள் சித்திரப் பாட ஆசிரியை ஓர் ஒப்படை தந்தார். நமக்குத் தெரிந்த ஓர் ஊரில் புதிதாகக் கலை நூதனசாலை ஒன்று கட்டுவதானால் அது எப்படி இருக்க வேண்டும் என்று வரைந்து, விளக்கமும் எழுத வேண்டும். நான் வெல்லாவெளியைத் தெரிந்தெடுத்தேன். மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையில் எங்கள் வீடு. படுவான்கரையில், வெல்லாவெளியில், வாப்பாவின் வயல். மருதமுனைக் கைத்தறிச் சேலை, பன்பாய், கூத்துக் கலைஞரின் முடி, மாணவர் தீட்டிய ஓவியம் எல்லாம் அங்கே ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

முதலில் நான் வரைந்தது, புத்தகத்தில் பார்த்த ஐரோப்பியக் கட்டடம் ஒன்றின் பிரதிதான். வடக்குச் சுவர் முழுவதும் கண்ணாடி. ஐரோப்பாவில் நண்பகற் சூரியன் எப்போதும் தெற்கே சாய்ந்தே நிற்கும். ஆகவே வடக்கு யன்னலால் வரும் ஒளி பெரும்பாலும் நேர் வெயிலாக இராது. ஓவியம் பார்க்க ஏற்ற மென்மையான ஒளி அது.

படத்தைப் பார்த்த வாப்பா சிரித்தார். "சிறுபோகத்தில வடக்காலயும் வெயில் அடிக்கும் மகள். வாடிக்குள்ள நாங்க இடம் மாறி மாறி இருக்கிறது அதுக்குத்தானே" என்றார்.

புவியியல் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். வாப்பா சொன்னது சரி. வெல்லாவெளி ஏறத்தாழ வட அகலாங்கு 7.5 பாகையில் உள்ளது. ஏப்ரல் 9 அளவில் நண்பகற் சூரியன் நம் உச்சிக்கு வருகிறது. பிறகு வடக்கே போய், செப்டெம்பர் 3 அளவில்தான் உச்சிக்குத் திரும்புகிறது. இடைப்பட்ட மாதங்களில் காலையிலும் மாலையிலும் வடக்குச் சுவரில் வெயில் படும். என் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் அந்தச் சேலைகள் இருந்தால் சில ஆண்டுகளிலேயே சாயம் வெளுத்துவிடும். துணிக்கும் நீர்வர்ண ஓவியத்துக்கும் 50 லக்ஸ் ஒளியே போதும் என்பது நூதனசாலைகளின் பொது விதி. வெளியே உச்சி வெயில் 100,000 லக்ஸ் வரை இருக்கும். ஒளியால் வந்த கேடு சேர்ந்துகொண்டே போகும். வெளுத்த நிறம் திரும்பாது.

அப்படியானால் வெப்ப நாடுகளில் எப்படிக் கட்டியிருக்கிறார்கள்? இரண்டு கட்டடங்களைப் பற்றித் தேடிப் படித்தேன்.

ஒன்று, கொழும்புத் தேசிய நூதனசாலை. ஆளுநர் வில்லியம் கிரெகரியின் காலத்தில், ஜேம்ஸ் ஸ்மிதரின் வரைபடப்படி எழுந்து, 1877 ஜனவரி 1இல் திறக்கப்பட்டது. இத்தாலியப் பாணிதான்; ஆனாலும் முகப்பில் வளைவுகள் நிரையாக நிற்கும் விறாந்தை உண்டு. வெயிலும் மழையும் உள்சுவரை எட்டுமுன் அங்கே தடைப்படும். அதைக் கட்டியவர் வாப்பிச்சி மரைக்கார். என்ன வெகுமதி வேண்டும் என்று ஆளுநர் கேட்டபோது, வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூட வேண்டும் என்று மட்டும் அவர் கேட்டதாகச் சொல்வார்கள். நெடுங்காலம் அப்படியே நடந்தது.

மற்றது, ழான் நூவெல் வடிவமைத்து 2017 நவம்பரில் திறக்கப்பட்ட அபுதாபி லூவர். அதன் குவிமாடம் 180 மீற்றர் அகலம். எட்டு அடுக்குகளில் 7,850 நட்சத்திர வடிவங்கள். பேரீச்சை ஓலைக் கூரையால் ஒளி கசிவதைப் பார்த்து எழுந்த எண்ணம் அது. அதைப் படித்ததும் எங்கள் வாடிதான் நினைவுக்கு வந்தது. கிடுகு இடுக்குகளால் விழும் வெயில் வாப்பாவின் சட்டையில் வட்ட வட்டமாக நகரும். ஆனால் அந்த ஒளி மழை முற்றங்களில் நடப்பவர்களுக்கே. கலைப்பொருள்கள் குவிமாடத்தின் கீழே தனித்தனி அறைகளில் பாதுகாப்பாக உள்ளன. மனிதருக்கு வெளி நிழல், பொருளுக்கு உள்ளறை என்ற அந்தப் பாடத்தை எடுத்துக்கொண்டேன்.

இரண்டாம் படத்தில் நான்கு பக்கமும் அகன்ற விறாந்தை போட்டேன். அதிலும் ஒரு சிக்கல். அகன்ற கூரைவிளிம்பைக் காற்று அடியிலிருந்து தூக்கும். 1978 நவம்பர் சூறாவளியைப் பற்றிப் பெரியவர்கள் இன்றும் பேசுகிறார்களே. அதனால் விறாந்தைக் கூரையைப் பெரிய கூரையோடு இணைக்காமல் தாழ்வாகத் தனியே வரைந்தேன். புயலில் அது போனாலும் உள்ளறைக் கூரை நிற்கும். மாரி வெள்ளத்துக்குத் தரையை உயர்த்தி, பொருள்களை வைக்கும் களஞ்சிய அறையை மேல்மாடிக்குக் கொண்டுபோனேன்.

யுத்த காலத்தில் வாப்பா பல போகங்கள் அந்த வயலுக்குப் போகவில்லை. மீண்டும் போன முதல் நாள் கடும் மழை. பக்கத்து வயற்கார ஐயா தன் வாடிக்குள் கூப்பிட்டு இருத்தித் தேநீர் கொடுத்தாராம். வாப்பா இதைப் பலமுறை சொல்லியிருக்கிறார்.

இரண்டாம் படத்தைக் காட்டியபோது வாப்பா விறாந்தையில் விரலை வைத்து, "டிக்கட் எடுக்காம இதில இருக்கலாமா மகள்? அந்த ஐயா வந்தா எங்க இருப்பார்?" என்று கேட்டார்.

விறாந்தை நெடுகக் குந்து வரைந்தேன், மழைக்கு ஒதுங்குகிற எவரும் வந்து இருக்கும்படி. தோழிகளே, நீங்களும் ஒரு கட்டடம் வரைய நினைத்தால், பென்சிலை எடுக்குமுன் அந்த ஊரில் வெயில் எந்தப் பக்கம் அடிக்கிறது, மழைக்கு யார் ஒதுங்க வருவார்கள் என்று அங்குள்ளவர்களிடம் கேளுங்கள்.