கடலடிப் புல்வெளியை அளத்தல்

தஞ்சைக்கு நெல்வயலே அடையாளம். எனினும் அம்மாவட்டத்தின் கடலோரத்தில், அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம், மனோரா ஆகிய இடங்களை அடுத்து, நீருக்கடியிலும் புல்வெளி பரந்துள்ளது. ஆழம் குறைந்த பாக் விரிகுடாவில் கதிரொளி அடிமணல்வரை இறங்குவதால் கடற்புல் செழிக்கிறது. அது பாசி இனமன்று. வேரும் இலையும் பூவும் உடைய தாவரம். அதனை மேய்ந்து வாழும் பாலூட்டி கடற்பசு. மீனவர் இதனை ஆவுளியா என்றழைப்பர்.

வளர்ந்த கடற்பசு நாள்தோறும் ஏறத்தாழ 30 முதல் 40 கிலோ வரை கடற்புல் உண்ணும். ஒருமுறைக்கு ஒரு கன்றே ஈனும். அடுத்த ஈற்றுக்கு மூன்று முதல் ஏழு ஆண்டுகள் ஆகலாம். ஆதலால் ஒன்றை இழப்பினும் அவ்விழப்பு எளிதில் ஈடாகாது. மூச்சுவிட மேலெழும்பி உடனே மறைந்துவிடும் இவ்வுயிரைக் கலங்கிய நீரில் எண்ணுவதோ அரிது. எனவே ஆய்வாளர்கள் அதன் வாழிடத்தை அளக்கின்றனர்.

முறை எளியது. கடலடியில் 50 மீட்டர் நீளக் கயிற்றை விரித்து, அதன் வழியே குறித்த இடைவெளிகளில் அரை மீட்டர்ச் சதுரச் சட்டகத்தை வைப்பர். அதனுள் புல் எத்தனை விழுக்காடு மூடியுள்ளது, எவ்வகைப் புல், இலையின் உயரம் என்ன என்பன குறிக்கப்படும். கறுப்பும் வெள்ளையும் தீட்டிய வட்டத்தட்டை நீரில் இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தைக்கொண்டு நீரின் தெளிவை அறிவர். அதே இடத்தில், அதே பருவத்தில் ஆண்டுதோறும் அளந்தாலே மாற்றம் புலப்படும்.

அளப்பதைவிட, அளந்ததற்குப் பொருள் காண்பதே கடினம். நெடிதாக அடர்ந்த புல் செழிப்பாகத் தோன்றும். கடற்பசுவோ நார் குறைந்த, மென்மையான குறும்புல்லையே பெரிதும் விரும்பும். நெல்வயலைப் பார்த்துப் பழகிய கண் இங்கே ஏமாறக்கூடும். வெற்றிடமும் அவ்வாறே. கடற்பசு புல்லை வேரோடு பறித்து உண்பதால், மேய்ந்த இடத்தில் வளைந்து நெளிந்த மணற்கோடு எஞ்சும். அது அவ்விலங்கின் வருகைக்குச் சான்று. இழுவைமடி அடிமணலைக் கீறிச்சென்ற தடமும் வெற்றிடந்தான். சட்டகத்துக்குள் இரண்டும் ஒரே விழுக்காடாகப் பதிவாகலாம். காரணம் அறியாமல் காப்புத்திட்டம் வகுத்தால், நல்ல மேய்ச்சல் நிலத்தையே சீரழிந்த நிலமென்று ஒதுக்க நேரும்.

தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் இவ்வகையில் இதுவே முதலாவது. எல்லை வரைந்தபின்னும் அதனுள் புல்லின் நிலை மாறிக்கொண்டே இருக்கும். வலையில் சிக்கிய கடற்பசு மூச்சுவிட இயலாமல் இறந்துவிடும். அதனை வலையிலிருந்து விடுவித்த மீனவர்களை வனத்துறை பரிசளித்துப் பாராட்டியுள்ளது. புல் எங்கே அழிந்தது, எங்கே மீண்டும் தளிர்த்தது என்பதை முதலில் காண்போரும் அவர்களே. கயிறும் சட்டகமும் கொண்டு செல்வோர் எவ்விடத்தில் இறங்க வேண்டும் என்பதை அவர்களிடமே கேட்டறியலாம்.