நிலக்கடலை

பொதிய மலையின் அடிவாரத்தில், தாமிரபரணிக் கரையில் அமைந்த ஊர் விக்கிரமசிங்கபுரம். ஆற்றுநீர் பாயும் அதன் வயல்களில் நெல் விளைகிறது. அவ்வாற்றின் நீர், நெடுந்தொலைவில் கரிசல் நிலம் சூழ்ந்த கோவில்பட்டிக்கும் சென்று பயன்படுகிறது. அங்கே செய்யப்படும் கடலைமிட்டாயின் சுவைக்குத் தாமிரபரணி நீரும் ஒரு காரணம் என்பர். அம்மிட்டாய் 2020-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. அதற்கு உயிராய் விளங்குவது நிலக்கடலை.

நிலக்கடலையின் தாயகம் தென் அமெரிக்கா. கடல் கடந்து வந்த இச்செடி, நம் நாட்டு மானாவாரி நிலங்களில் நன்கு வேரூன்றிவிட்டது. மணிலாக்கொட்டை என்னும் பெயர் பிலிப்பைன்ஸ் நாட்டு மணிலா நகரை நினைவூட்டுகிறது. வேர்க்கடலை என்றும் இதனைக் கூறுவர். ஆயினும், இது வேரில் காய்ப்பதன்று. மஞ்சள் நிறப் பூ தரைக்கு மேலேதான் மலர்கிறது. பூ வாடியபின் அதன் அடியிலிருந்து விழுது ஒன்று கீழ்நோக்கி வளர்ந்து, மண்ணைத் துளைத்து இறங்குகிறது. அவ்விழுதின் நுனியே காயாகிறது. ஆதலின் உழவர் விழுது இறங்கும் பருவத்தில் ஜிப்சம் இட்டு மண் அணைப்பர். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்தை இளங்காய் மண்ணிலிருந்து நேரே உறிஞ்சிக்கொண்டு திரள்கிறது.

இச்செடி மண்ணிலிருந்து பெறுவதோடு நில்லாமல் மண்ணுக்கும் அளிக்கிறது. இதன் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்கு உணவாக மாற்றுகின்றன. அறுவடைக்குப்பின் எஞ்சும் வேரும் தழையும் நிலத்தை வளப்படுத்துகின்றன.

பச்சைக் காயை உப்பிட்டு அவித்து உண்பர். வறுத்த பருப்பைத் துவையலாக அரைப்பர். வெல்லப்பாகில் இட்டு உருண்டை பிடிப்பர். பருப்பின் எடையில் ஏறத்தாழப் பாதி எண்ணெய். கால் பங்கு புரதம். எண்ணெய் எடுத்தபின் எஞ்சும் பிண்ணாக்கு கால்நடைகளுக்குத் தீவனமாகும்.

இத்தகைய நல்லுணவும் பேணாவிடில் நஞ்சாகும். 1960-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பல்லாயிரம் வான்கோழிகள் மாண்டன. பூஞ்சை பிடித்த கடலைப் பிண்ணாக்கே அதற்குக் காரணம் என அறிஞர் கண்டனர். அப்பூஞ்சை உண்டாக்கும் நஞ்சுக்கு அஃப்லடாக்சின் என்று பெயர். வறுத்தாலும் அது முற்றும் அழிவதில்லை. நாளடைவில் மனிதரின் கல்லீரலையும் கெடுக்கும். எனவே, பறித்த காயை நன்கு உலர்த்தி, ஈரம் புகாத இடத்தில் சேமித்தல் வேண்டும். பூஞ்சை படர்ந்த பருப்பையும், நிறம் மாறிச் சுருங்கிய பருப்பையும் விலக்குதல் வேண்டும். களத்தில் காயும் வெயிலும், பொறுக்கும் கையின் கவனமுமே அவ்வுணவின் காவல்.