ஸ்லீப் என்றால் தூக்கம் மட்டுந்தானா?

(பி.எஸ்ஸி., இரண்டாம் ஆண்டு)

ஆங்கிலம் கற்கும் நம்மில் பலர் கையில் இருப்பது ஒரு சொற்பட்டியல். இடப்புறம் ஆங்கிலச் சொல். வலப்புறம் அதற்கு நேராக ஒரே ஒரு தமிழ்ச் சொல். ஸ்லீப் என்றால் தூங்கு, வேக் என்றால் விழி; அத்துடன் கதை முடிந்தது. தமிழ்வழியில் பயின்று, குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறிய என்னைப் போன்றோர்க்கு இப்பட்டியலே பெருந்துணை. ஆனால் ஒரு மொழியின் சொல் மற்றொரு மொழியின் சொல்லோடு அச்சாகப் பொருந்துவதில்லை. நாம் நாள்தோறும் செய்யும் எளிய செயலாகிய தூக்கத்தை எடுத்துக்கொண்டு இதனை ஆராய்வோம்.

"10 மணிக்குத் தூங்கினேன்" என்கிறோம். தமிழில் இதில் குற்றமில்லை. இதையே "ஐ ஸ்லெப்ட் அட் டென்" என்று எழுதினால் ஆங்கிலேயர் காதுக்கு இடறும். அவர்களுக்கு ஸ்லீப் என்பது நீடிக்கும் செயல். 8 மணி நேரம் ஸ்லீப் செய்யலாம். மணி பத்தடிக்கும் கணத்தில் அதனைச் செய்ய இயலாது. படுக்கப் போவது கோ டு பெட். கண் அயரும் கணம் ஃபால் அஸ்லீப். அயர்ந்து கிடக்கும் நிலை வெறும் அஸ்லீப். மூன்றும் வேறு வேறு. "10 மணிக்கே படுத்தேன், 12 வரை தூக்கம் வரவில்லை" என்னும்போது நாமும் இவற்றைப் பிரிக்கத்தானே செய்கிறோம்? ஆகவே வேறுபாடு நமக்குப் புதிதன்று. பட்டியல்தான் அதனை மறைத்துவிடுகிறது.

மறைப்பதால் வரும் இழப்பும் சிறிதன்று. நள்ளிரவு வரை படிக்கும் மாணவர் ஒருவர், வேலைக்கான நேர்முகத் தேர்வில் "ஐ ஸ்லீப் லேட்" என்று பெருமையாகச் சொல்கிறார் எனக் கொள்வோம். நேரங்கழித்துத்தான் தூங்கப் போவேன் என்பது அவர் கருத்து. ஆங்கில வழக்கிலோ அத்தொடருக்கு, காலையில் வெகுநேரம் வரை தூங்குவேன் என்பதே பொருள். உழைப்பாளி என்று காட்ட வந்தவர் சோம்பேறி என்று பெயர் வாங்கித் திரும்புவார்! அவர் சொல்லியிருக்க வேண்டியது "ஐ ஸ்டே அப் லேட்" என்பதாகும். காலைத் தூக்கத்திலும் ஆங்கிலத்தார் இரு வகை வைத்திருக்கின்றனர். தன்னையறியாமல் நேரங்கடந்து தூங்கிவிட்டால் ஓவர்ஸ்லீப். விடுமுறை நாளில் வேண்டுமென்றே தூங்கினால் ஸ்லீப் இன். முன்னது பிழை, பின்னது சுகம். விடுதி நண்பர்கள் இதனைக் குறித்துக்கொள்வார்களாக.

இனி விழிப்பு. விழித்தல் கண்ணின் செயல், எழுதல் உடலின் செயல். வேக் அப், கெட் அப் என்ற இரண்டும் இவ்வாறே பிரிந்து நிற்கின்றன. தொண்டரடிப்பொடியாழ்வாரும் மாணிக்கவாசகரும் பாடியவை திருப்பள்ளியெழுச்சி எனப்படுகின்றன. பள்ளி என்பது படுக்கை. படுக்கையினின்று எழுதலே எழுச்சி. இதனை ஆங்கிலப்படுத்த வேக் போதாது, ரைஸ் என்ற சொல்லும் வேண்டும். திருத்தணி வட்டம் 1960 ஏப்ரல் 1 அன்றுதான் ஆந்திரத்திலிருந்து தமிழகத்துடன் இணைந்தது. ஆதலின் இங்கே பல வீடுகளில் இன்றும் தெலுங்கு ஒலிக்கிறது. அதிலும் மேலுகொனு என்றால் விழி, லேச்சு என்றால் எழு. ஆகவே இப்பகுதிப் பாட்டிமார் இரண்டு மொழியிலும் தடுமாறாமல் செய்யும் பாகுபாடு இது. வீட்டு மொழி ஆங்கிலத்துக்குத் தடை என்று நம்மிடம் சொல்லப்படும்போது எனக்கு இந்நினைவே வருகிறது.

சிறு தூக்கங்களுக்கு இரு மொழியிலும் பஞ்சமில்லை. உட்கார்ந்தபடி கண் சொக்குவது டோஸ். பகலில் சற்றே கண்ணயர்வது நேப். மிகக் குறுகிய தூக்கத்தை அவர்கள் கேட் நேப் என்று பூனையின் பெயரால் வழங்க, நாமோ கோழித் தூக்கம் என்கிறோம். இதில் பூனையைவிடக் கோழியே பொருத்தம் என்பது என் கட்சி!

நம் அறிவியல் பாடத்திலும் இத்தூக்கம் ஒளிந்திருக்கிறது. முளைக்காமல் காத்திருக்கும் விதையின் நிலையை டார்மன்சி என்று மனப்பாடம் செய்கிறோம். உறங்குதலைக் குறிக்கும் டார்மிரே என்ற இலத்தீன் சொல்லே அதன் வேர். மாணவர் படுத்துறங்கும் டார்மிட்டரியும் அவ்வேரில் பிறந்ததே. நம் நூல்கள் அதனை விதை உறக்கம் என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுகின்றன. ஹைபர்னேஷன் என்னும் சொல்லில் குளிர்காலம் மட்டுமே உண்டு, தூக்கம் இல்லை. குளிர்கால உறக்கம் என்ற நம் சொல்லில் இரண்டும் உண்டு. தமிழில் ஒருமுறை படித்தவனுக்கு ஆங்கிலச் சொல்லின் பொருள் பிறகு மறப்பதில்லை.

இந்த மொழிபெயர்ப்புச் சிக்கலைப் பெரிய அளவில் சந்தித்தவர் நம் ஊரிலேயே 1888இல் பிறந்தார். டாக்டர் இராதாகிருஷ்ணன் 1953இல் முதன்மை உபநிடதங்களை ஆங்கிலத்தில் வெளியிட்டபோது, அவற்றுள் மாண்டூக்கியமும் இருந்தது. விழிப்பு, கனவு, சுழுத்தி, அவற்றுக்கு அப்பால் நான்காவது நிலை என்று பேசும் நூல் அது. கனவுக்கு ட்ரீம் இருக்கிறது. கனவும் அற்ற சுழுத்திக்கோ ஆங்கிலத்தில் தனிச்சொல் இல்லை. டீப் ஸ்லீப் என்று இரு சொற்களைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. கனவுக்கு எதிராக நனவு என்று நாம் எதுகையோடு நிறுத்தும் சொல்லுக்கும் அங்கே அவ்வளவு அழகான இணை இல்லை.

வேக் என்ற சொல்லுக்கு இன்னொரு பொருள் உண்டு. இறந்தவர் உடலருகே உற்றார் இரவெல்லாம் விழித்திருப்பதும் வேக்தான். வாட்ச் என்பதும் அதே பழைய வேரினின்று வந்தது; முதலில் அது பார்த்தலைவிடத் தூங்காதிருத்தலையே குறித்தது. வாட்ச்மேன் என்றால் விழித்திருப்பவன். இதனை அகராதியில் கண்டபோது நான் சற்று நேரம் அப்பக்கத்தைத் திருப்பவில்லை. என் தந்தையார் ஒரு விசைத்தறிக் கூடத்தில் இரவுக் காவலர். அவருக்கு ஆங்கில எழுத்துத் தெரியாது. அன்று மாலை அவர் வேலைக்குக் கிளம்பும்போது பொருளைச் சொன்னேன்.

"தூங்காம இருக்கிறவன்னா அர்த்தம்?" என்றவர், டார்ச் விளக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டே, "அப்போ கையில கட்டுற வாட்ச்சு?" என்று கேட்டார்.

"அதுவும் அதே சொல்தாம்ப்பா."

அவர் கையில் கடிகாரம் கிடையாது. விடியற்காலை ரயில் கூவுவதை வைத்துத்தான் இன்றும் அவர் வீடு திரும்புகிறார்.