ஒரே வீட்டில் மூன்று ஜமாஅத்

கேள்வி: எங்கள் வீடு தலைமுறை தலைமுறையாக மொஹல்லா பள்ளிவாசலுக்குச் சந்தா கட்டி வருகிறது. என் கொழுந்தனார் தப்லீக்கில் நாற்பது நாள் போய்வருகிறவர். மகன் தவ்ஹீத் ஜமாஅத்தில் சேர்ந்துவிட்டு, வீட்டில் ஃபாத்திஹா ஓதக்கூடாது என்கிறான். அவனுக்கு இப்போது பெண் பார்க்கிறோம். மார்க்கம் ஒன்றுதானே, ஏன் இத்தனை ஜமாஅத்?
- ஒரு வாசகி, ஆம்பூர்

பதில்: கொள்கை வேறுபாடு உண்டுதான், அம்மா. ஆனால் உங்கள் வீட்டுச் சிக்கல் அதிலிருந்து மட்டும் வரவில்லை. மூன்றும் வெவ்வேறு விதமாகக் கட்டப்பட்டவை.

மொஹல்லா ஜமாஅத்தில் யாரும் விண்ணப்பம் போட்டுச் சேர்வதில்லை. அந்தத் தெருவில் பிறந்தாலே போதும். முத்தவல்லி, சந்தா, நிக்காஹ் தஃப்தர், கபரஸ்தான் எல்லாம் அதன் கையில்தான். பிறப்பால் உறுப்பினராகும் அமைப்பு ஒன்று, தானே தேர்ந்து சேரும் அமைப்பு இன்னொன்று என்று சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் பிரித்துச் சொன்னார். உங்கள் மகன் சேர்ந்தது இரண்டாவது வகை.

தப்லீக், மௌலானா இல்யாஸ் 1920-களில் மேவாத்தில் தொடங்கியது. உறுப்பினர் அட்டையோ சந்தாவோ கிடையாது. படுக்கையைச் சுருட்டிக்கொண்டு சொந்தச் செலவில் கிளம்புகிறார்கள், பள்ளிவாசலில் தங்குகிறார்கள், மஷ்வராவில் அமீரைத் தீர்மானிக்கிறார்கள். மொஹல்லாவின் எந்த அதிகாரத்தையும் அவர்கள் கேட்பதில்லை. அதனால்தான் கொழுந்தனாரால் உங்கள் வீட்டில் சச்சரவு இல்லை. ஆனால் தலைமை என்று வந்தபோது அவர்களும் தப்பவில்லை. 1995-இல் மூன்றாம் அமீர் மறைந்தபின் ஷூரா குழு இயக்கத்தை நடத்தியது. இருபது ஆண்டில் இயக்கம் இரண்டாகப் பிளந்தது.

2004-இல் உருவான தமிழ்நாடு தவ்ஹீத் ஜமாஅத்துக்கு மாநிலத் தலைமை, மாவட்டம், கிளை என்ற கட்டுக்கோப்பு உண்டு. அதை வளர்த்த பி.ஜைனுல் ஆபிதீனை 2018-இல் விலக்கிய பிறகும் அமைப்பு நிற்கிறது. ஒரு மனிதரின் பேச்சில் வளர்ந்த இயக்கம் அவரில்லாமல் நிலைப்பது அரிது. ஆனால் அதில் சேரும் இளைஞனின் தஃப்தரும் கபரும் பழைய பள்ளியிடமே இருக்கின்றன. உரசல் அங்கேதான் தொடங்குகிறது. தமிழ்நாட்டில் பல ஊர்களில் இது அடக்கம் செய்யும் நேரத்தில் வெடித்திருக்கிறது. மையித்தை வைத்துக்கொண்டு வழக்குப் பேசுவது கொடுமை.

வேறுபாட்டோடு சேர்ந்திருக்க உங்கள் பக்கத்திலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. தோல் வணிகர் காகா முகம்மது உமர் 1924-இல் உமராபாத்தில் தொடங்கிய ஜாமிஆ தாருஸ்ஸலாம், மத்ஹபு பார்க்காமல் மாணவர்களைச் சேர்த்தது. இன்று அங்கே ஓதிப் பெயருக்குப் பின்னால் ‘உமரி’ போடும் ஆலிமும், வேலூர் பாக்கியாத் மதரஸாவில் ஓதிய ‘பாகவி’யும் ஒரே மேடையில் அமர்கிறார்கள்.

நிக்காஹ் விஷயத்தில், பெண் பேசி முடிக்கும் முன்பே முத்தவல்லியிடம் மகனைக் கூட்டிப்போய்ப் பேசுங்கள். 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசுப் பதிவு எப்படியும் கட்டாயம், அதையும் தள்ளிப்போடாதீர்கள். ஃபாத்திஹா பற்றிய பேச்சைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்து, வரதட்சணை வாங்காமல் கட்டிக்கொள்வாயா என்று கேளுங்கள். அவன் சேர்ந்திருக்கும் ஜமாஅத் அதில் கண்டிப்பானது. கொழுந்தனாரும் மறுக்கமாட்டார்.