சென்சாரைக் கழற்றுமுன்

இந்த வருஷம் பட்டறைக்குத் தொழில் பழக வந்த மூன்று பையன்களில் இருவர் ஸ்கேனரோடு வந்தார்கள். ஒருவனுக்கு அப்பாவே வாங்கிக் கொடுத்திருக்கிறார். பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். "இப்பெல்லாம் எல்லாம் கம்ப்யூட்டர்தானுங்களே, கையில கிரீஸ் படாம கத்துக்கட்டும்ங்க" என்றார். போன வாரம் டர்போ டீசல் கார் ஒன்று வந்தது. பிக்கப் இல்லை, மேடேறினால் கரும்புகை. ஸ்கேனரில் பி0101. "ஏர்ஃப்ளோ சென்சார் போச்சுங்ணா, மாத்திரலாம்" என்று பையன் ஸ்பேனரை எடுத்துவிட்டான்.

இந்த நிலையில் சென்சாரைச் சுத்தம் செய்யலாம், புதிது போடலாம், காற்று எங்கே கசிகிறது என்று தேடலாம். முதல் இரண்டும் எல்லோருக்கும் தெரிந்தவை. சுத்தம் செய்ய அதற்கென்று விற்கும் ஸ்பிரே மட்டும். பிரேக் கிளீனர் வேண்டாம், ஏர் கன்னும் வேண்டாம். நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். பஞ்சு பறக்கிற ஊர், ஏர் ஃபில்டரையும் பார்த்துவிடுங்கள். புதிது போட்டால் ஒரிஜினல் போடுங்கள்.

கோடு வந்ததும் பார்ட்டை மாற்றுகிற பழக்கத்தைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். பி0101 என்றால் சென்சார் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. வந்த காற்றின் அளவு இன்ஜின் கம்ப்யூட்டரான இசியு போட்ட கணக்கோடு ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். புகையைத் திரும்ப இன்ஜினுக்குள் விடும் இஜிஆர் வால்வு திறந்தபடி சிக்கிக்கொண்டால் புகையே சிலிண்டரை நிரப்பிவிடும், புதுக் காற்று குறையும். சென்சார் அதை உள்ளபடி சொல்லும். பழி அதன் தலையில் விழும்.

டர்போவுக்குப் பிறகு ஹோஸ் கிழிந்திருந்தாலும் இதே கூத்து. சேரமான் பெருமாள் கொடுத்த பொன்னைச் சுந்தரர் எங்கள் திருமுருகன்பூண்டியில் வழிப்பறி கொடுத்த கதை தெரியும்தானே? சேரமான் வாசலில் எண்ணிக் கொடுத்தவன் கணக்கில் பிழையில்லை. சென்சாரும் வாசலில் எண்ணுகிறவன்தான். அது எண்ணிய காற்றில் ஒரு பங்கு வழியிலேயே போய்விட, டீசல் மட்டும் முழுக் கணக்குக்கு இறங்கினால் கரும்புகை வராமல் என்ன செய்யும்?

ஸ்கேனரே வேண்டாம் என்று சொல்லவில்லை (என் மனசு அப்படித்தான் சொல்கிறது; ஒரு காலத்தில் கோடை நம்பி ஒரே வண்டிக்கு இரண்டு சென்சார் மாற்றி, இரண்டாவதற்குக் காசு வாங்க முகமில்லாமல் நின்றவன் நான்). கோடைவிட லைவ் டேட்டாவைப் பாருங்கள். ஃபியட்டின் 1,248 சி.சி. மல்டிஜெட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு 624 சி.சி. காற்று. ஐடிலில் 800 சுற்று என்றால் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 500 லிட்டர். லிட்டருக்கு 1.2 கிராம் வீதம் 600 கிராம், செகண்டுக்கு 10. சிலிண்டர் முழுசாக நிரம்பாது என்பதால் இஜிஆர் மூடியிருக்கும்போது எட்டு, ஒன்பது காட்டினால் சென்சாரைச் சந்தேகிக்காதீர்கள். ஐடிலில் சரி, லோடில் மட்டும் புகை என்றால் ஹோஸ்களைத் தடவிப் பாருங்கள். கசியும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியிருக்கும். பிடிபடாவிட்டால் டர்போ வாயை அடைத்து, 10 பி.எஸ்.ஐ. தாண்டாமல் காற்று கொடுத்து, சோப்புத் தண்ணீர் தடவுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. எங்கள் ஊர்ச் சிற்பிகள் கல்லைத் தட்டி ஓசை கேட்ட பிறகுதான் உளி வைப்பார்கள். அந்தக் காது உங்கள் பையனுக்கு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் குறையொன்றுமில்லை, அவனுக்கு வேறு தொழில் வரும். இருந்தால் இரண்டு வருஷம் பொறுங்கள். ஸ்கேனரை அதற்கப்புறம் வாங்கிக் கொடுக்கலாம்.

அன்றைக்கு ஸ்பேனரைப் பிடுங்கிக்கொண்டு பையன் கையில் சோப்புத் தண்ணீரைக் கொடுத்தேன். ஒன்றரை மணி நேரம் வண்டிக்கு அடியில் கிடந்தான். நெற்றி, சட்டை எல்லாம் கிரீஸ். இன்டர்கூலருக்குக் கீழேயிருந்து சத்தம் வந்தது: "அண்ணா, இங்க நுரைக்குதுங்ணா."