கேட்டால் இடம் போய்விடுமா?

கேள்வி: பாஸ்டன் பக்கத்தில் இருக்கிறோம். மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். ஒன்பதாம் வகுப்புக்கு மூன்று தனியார் பள்ளிகளில் விண்ணப்பிக்கிறோம். மூன்றிலும் ஆண்டுக் கட்டணம் 60,000 டாலருக்கு மேல். கணவர் ஐ.டி. வேலையில் இருக்கிறார். நான் அவரைச் சார்ந்த ஹெச்-4 விசாவில் இருக்கிறேன். வேலை அனுமதி இன்னும் வரவில்லை. மகன் ஐந்தாம் வகுப்பு. ஊரில் மாமனார், மாமியாருக்கு மாதாமாதம் பணம் அனுப்புகிறோம். விண்ணப்பத்தில் ‘ஃபைனான்ஷியல் எய்ட் வேண்டுமா?’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. டிக் செய்தால் இவளை ஒதுக்கிவிடுவார்கள் என்கிறார் கணவர். முதல் வருஷம் எப்படியாவது கட்டிவிட்டு, உள்ளே போன பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்பது அவர் யோசனை. நல்ல சம்பளம் வாங்கிக்கொண்டு கை நீட்டுவதா என்ற சங்கடமும் அவருக்கு உண்டு. என்ன செய்யலாம்?

— வாசகி, மாசசூசெட்ஸ்

பதில்: உங்கள் கணவரின் பயம் முழுப் பொய் இல்லை. ஆனால் அவர் சொல்லும் வழி அந்தப் பயத்தைவிட மோசம்.

பல தனியார் பள்ளிகளில் ஒரு விதி உண்டு. சேரும் ஆண்டில் எய்ட் கேட்காத குடும்பம் அடுத்த ஓரிரு ஆண்டுகளுக்குக் கேட்க முடியாது. வேலை போனது, பெரிய நோய் வந்தது என்றால்தான் விலக்கு. அப்படி விதி எழுதி வைக்காத பள்ளியிலும், ஏற்கெனவே எய்ட் வாங்கும் பிள்ளைகளுக்குக் கொடுத்தது போக மிச்சம் இருந்தால்தான் உங்கள் முறை வரும். “போன வருஷம் முழுசாகக் கட்டினீர்களே, இப்போது என்ன மாறிவிட்டது?” என்று கேட்பார்கள். ஒன்றும் மாறவில்லை, சேமிப்புதான் கரைந்துவிட்டது என்பதைத் தவிர உங்களிடம் பதில் இருக்காது. பத்தாம் வகுப்பு தொடங்கும் நேரத்தில், தோழிகளை விட்டுப் பிரித்து ஒரு பெண்ணை அப்படிப் பள்ளியிலிருந்து எடுத்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். முதலிலேயே இடம் கிடைக்காமல் போயிருந்தால் அந்தக் குழந்தைக்கு இவ்வளவு வலித்திருக்காது.

இனி பயத்துக்கு வருவோம். பள்ளிகளில் இரண்டு வகை. ‘நீட் பிளைண்ட்’ என்பவை, பணம் கேட்டீர்களா என்பதைப் பார்க்காமலே சேர்க்கையை முடிவு செய்பவை. பிலிப்ஸ் அகாடமி ஆண்டோவர் அப்படி. பிலிப்ஸ் எக்ஸெட்டர் 2021-இல் அந்த வழிக்கு வந்தது. இந்த இரண்டு இடத்திலும் ஏறத்தாழப் பாதி மாணவர்கள் எய்ட் வாங்குகிறார்கள். அங்கே கட்டத்தில் டிக் போடுவதால் ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் இப்படிப்பட்ட பள்ளிகள் மிகக் குறைவு. மற்றவை ‘நீட் அவேர்’. எய்ட்டுக்கென்று ஓர் ஆண்டுத் தொகை ஒதுக்கியிருப்பார்கள், அது ஓரிடத்தில் தீர்ந்துவிடும். பட்டியலின் மேல்பாதியில் இருக்கும் பிள்ளைக்கு அதனால் பெரிய வித்தியாசம் வராது. கடைசிச் சில இடங்களுக்கு ஒரே தரத்தில் நான்கைந்து பேர் நிற்கும்போது, முழுக் கட்டணம் கட்டுகிறவருக்கு இடம் போகலாம். சில சமயம் ‘சேர்த்துக்கொள்கிறோம், ஆனால் எய்ட் காத்திருப்புப் பட்டியலில்’ என்றும் கடிதம் வரும். உங்கள் மூன்று பள்ளிகளும் எந்த வகை என்று சேர்க்கை அலுவலகத்தில் நேரடியாகக் கேளுங்கள். தினமும் கேட்கப்படும் கேள்விதான் அது, யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

ஆகவே, கேட்டால் வாய்ப்பு சற்றுக் குறையலாம். அதற்காகக் கேட்காமல் விடலாமா? நான்கு ஆண்டுக்கு, கட்டணம் ஏறாது என்றே வைத்துக்கொண்டாலும், 2,40,000 டாலருக்கு மேல். அதுவும் வரி கட்டிய பிறகு கையில் நிற்கும் பணத்திலிருந்து. பின்னாலேயே மகன் வருகிறான். அதன்பின் கல்லூரி. இத்தனையையும் ஓய்வுக்காலச் சேமிப்பைத் தொடாமல், கடன் வாங்காமல் கட்ட முடியும் என்றால் எய்ட் கேட்காதீர்கள். அந்தப் பணம் வேறொரு குழந்தைக்குத் தேவை. முடியாது என்றால் கேட்டே ஆக வேண்டும். கட்ட முடியாத இடம் கிடைத்து என்ன பயன்? உங்கள் கடிதத்தைப் படித்தவரையில் நீங்கள் இரண்டாவது வகை.

கணவரின் சங்கடத்துக்கு ஒரு வார்த்தை. பெரிய அறக்கட்டளை நிதி உள்ள பள்ளிகளில், முழுக் கட்டணம் கட்டும் பிள்ளைக்கும் அந்தக் கட்டணத்துக்கு மேல்தான் செலவாகிறது. குறைவதைப் பழைய மாணவர்களின் நன்கொடை ஈடுகட்டுகிறது. அப்படிப் பார்த்தால் அங்கே எல்லாருமே கொஞ்சம் கை நீட்டியவர்கள்தான். உங்களுக்குக் கிரீன் கார்டு பற்றிய பயமும் இருக்கலாம். எய்ட் பள்ளியின் சொந்தப் பணம், அரசு மானியம் இல்லை. அரசு உதவியை நம்பி வாழ்பவரா என்று பார்க்கும் ‘பப்ளிக் சார்ஜ்’ கணக்கில் வராது. விசாவில் இருப்பவர்களுக்கு எய்ட் தருவதில் தனி விதி உண்டா என்பதை மட்டும் ஒவ்வொரு பள்ளியிலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேட்பது என்று முடிவெடுத்தால் கவனமாகச் செய்ய வேண்டிய வேலை படிவத்தில்தான் இருக்கிறது. எஸ்.எஸ்.எஸ்., கிளாரிட்டி போன்ற இணையப் படிவங்கள் டாக்ஸ் ரிட்டர்ன், சேமிப்பு, வீட்டின் மதிப்பு, கடன் எல்லாவற்றையும் வாங்கி, உங்களால் இவ்வளவு கட்ட முடியும் என்று ஓர் எண்ணைத் துப்பும். பள்ளி அதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. குழுவில் மனிதர்கள் உட்கார்ந்துதான் முடிவு செய்கிறார்கள். நம் குடும்பங்கள் அங்கேதான் அடிபடுகின்றன. பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் வயதில் தாய் ஏன் வேலைக்குப் போகவில்லை என்று பார்த்து, இல்லாத சம்பளம் ஒன்றைச் சில பள்ளிகள் கணக்கில் சேர்க்கும். ஹெச்-4 என்றால் என்ன என்று அந்த மேசையில் இருப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. 2015-லிருந்து சில ஹெச்-4 துணைவர்களுக்குத்தான் வேலை அனுமதி கிடைக்கிறது, அதற்கும் கணவரின் கிரீன் கார்டு மனு ஒரு கட்டம் வரை தாண்டியிருக்க வேண்டும் என்பதை ஒரு பத்தியில் எழுதி இணையுங்கள். ஊருக்கு அனுப்பும் பணமும் அப்படியே. மாமனாருக்குப் பென்ஷன் கிடையாது, மருந்துக்கு இவ்வளவு, மாதம் இவ்வளவு அனுப்புகிறோம் என்று வங்கி ரசீதோடு காட்டுங்கள். சிலர் முழுதாக ஏற்பார்கள், சிலர் பாதி. சொல்லாவிட்டால் ஒருவரும் ஏற்க மாட்டார்கள். ஊரில் உங்கள் பேரில் மனையோ ஃபிளாட்டோ இருந்தால் அதையும் எழுதிவிடுங்கள். அதை மறைக்கச் சொல்லும் நண்பர்கள் இருப்பார்கள், கேட்காதீர்கள்.

எய்ட் படிவத்தின் கெடு பெரும்பாலும் ஜனவரி நடுவிலோ பிப்ரவரித் தொடக்கத்திலோ வரும்; விண்ணப்பக் கெடுவோடு ஒத்துப்போகாமல் இருக்கலாம், தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். தாமதித்தால் பணம் தீர்ந்துவிடும்.

மகனைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். உங்கள் பக்கத்திலேயே ராக்ஸ்பரி லேட்டின் இருக்கிறது. 1645-இல் தொடங்கியது, பையன்களுக்கு மட்டும், ஏழாம் வகுப்பிலிருந்து, நீட் பிளைண்ட். அடுத்த வருஷம் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

மகளிடம் இப்போதே பேசிவிடுங்கள். இடம் கிடைத்தும் பணம் போதாவிட்டால் பப்ளிக் ஸ்கூல்தான் என்பது அவளுக்குக் கடிதம் வரும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். பல பள்ளிகள் மார்ச் 10-ஐ ஒட்டி முடிவை அனுப்பும். ஏப்ரல் 10-க்குள் பதில் சொல்ல வேண்டும். தந்த எய்ட் போதவில்லை என்றால் அந்த ஒரு மாதத்துக்குள், படிவத்தில் விட்டுப்போன விவரம் எதையாவது சேர்த்து, மறுபடி பார்க்கச் சொல்லி எழுதலாம். அந்தக் கடிதத்தை நீங்களே எழுதுங்கள். உங்கள் கணவர் எழுதினால் நன்றி சொல்லி முடித்துவிடுவார் என்று தோன்றுகிறது.